ஃபோர்மட் அடிக்க முதல் ஒருக்கா இதை வாசியுங்கோ

எங்கட கடைக்கு வாற எல்லாருக்கும் வணக்கம்.

உவர்மலை, உப்புவெளியில இருந்து வாறாக்களும் சரி, மூதூரில இருந்து பஸ்சில சிபியுவை மடியில வச்சுக்கொண்டு வாறாக்களும் சரி, வந்த உடன கேக்கிறது "இதை ஃபோர்மட் அடிச்சுத் தாங்கோ" எண்டுதான், அதாவது எல்லாத்தையும் அழிச்சு விண்டோஸைப் புதுசாப் போடச் சொல்லி. என்ன பிரச்சினை எண்டு கேட்டா ஸ்டார்ட் மெனு திறக்குதில்ல, அப்டேட் பாதியில நிண்டு திரும்பத் திரும்ப வருது, இடைக்கிடை நீலத் திரை வருது எண்டு சொல்லுவினம். இதுக்கெல்லாம் உடன ஃபோர்மட் அடிக்கத் தேவையில்லை. விண்டோஸின்ர சொந்த ஃபைல் கொஞ்சம் கெட்டுப்போனாலே இப்பிடித்தான் நடக்கும், அதைத் திருத்திற வழி விண்டோஸுக்குள்ளயே இருக்கு, காசும் இல்லை.

கெடுறதுக்குப் பெரிய காரணம் கரண்ட். அப்டேட் எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனா அந்த ஃபைல் அரைகுறையா நிண்டிடும். லப்டொப்தானே எண்டு நினைக்காதீங்கோ, பட்டரி செத்து சார்ஜர் வயரிலயே ஓடுற லப்டொப்பும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பும் ஒண்டுதான். மற்றது கிராக். விண்டோஸை அக்டிவேட் பண்ண எண்டு எங்கயோ இறக்கி, அன்டிவைரஸையும் நிப்பாட்டிப்போட்டு அட்மின் அனுமதியோட ஓட விடுற சாமான், அது உள்ளுக்குப் போய் எதை மாத்துது எண்டு ஆருக்குத் தெரியும், தயவு செய்து அதைச் செய்யாதீங்கோ.

சரி, வீட்டில செய்து பாக்கிற முறை. ஸ்டார்டில சிஎம்டி (cmd) எண்டு அடிச்சா கொமாண்ட் ப்ரொம்ப்ட் வரும், அதைச் சும்மா திறக்காம ரைட் கிளிக் பண்ணி "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" குடுங்கோ. இதிலதான் கனபேர் பிழை விடுறவை. உங்கட எக்கவுண்ட் அட்மினா இருந்தாலும் விண்டோஸ் சும்மா திறக்கிற எதுக்கும் முழு அதிகாரம் குடுக்காது, விஸ்டா காலத்தில இருந்து அப்பிடித்தான், நீங்கள் "யெஸ்" அமத்தினாப் பிறகுதான் குடுக்கும். கறுப்புப் பெட்டியின்ர மேல்வரியில "அட்மினிஸ்ட்ரேட்டர்" எண்டு தொடங்கினா சரி. சிஸ்டம்32 எண்டு முடியிற வரி இல்லாம உங்கட பேர் இருக்கிற வரி வந்தா மூடிப்போட்டுத் திரும்பத் திறவுங்கோ.

முதல்ல டிஸ்ம் எண்ட கொமாண்ட்: டிஸ்ம், ஸ்லாஷ் ஒன்லைன், ஸ்லாஷ் கிளீனப்-இமேஜ், ஸ்லாஷ் ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth). ஒவ்வொரு ஸ்லாஷுக்கும் முன்னால ஒரு இடைவெளி விடோணும், ஸ்லாஷுக்குப் பிறகு விடக்கூடாது. இதுக்கு இன்டர்நெட் வேணும், ஏனெண்டா நல்ல ஃபைலை மைக்ரோசொஃப்டிட்ட இருந்து எடுத்து விண்டோஸின்ர களஞ்சியத்தை, அதாவது அது தன்ர ஃபைலின்ர நல்ல பிரதியை வச்சிருக்கிற இடத்தை, திருத்துது. இடையில ஒரு சதவீதத்தில கனநேரம் அசையாம நிக்கும், பயந்து மூடிப்போடாதீங்கோ, விட்டிட்டு வேற வேலையப் பாருங்கோ. அது முடிய எஸ்எஃப்சி, இடைவெளி, ஸ்லாஷ் ஸ்கேன்நவ் (sfc /scannow). அந்தக் களஞ்சியத்தில இருந்து எடுத்து கெட்ட ஃபைலை மாத்திறது இதுதான், அதாலதான் டிஸ்ம் முதல்ல. "இன்டெக்ரிட்டி வயலேஷன்" ஒண்டும் இல்லை எண்டு வந்தா சிஸ்டம் ஃபைல் சுகம், பிரச்சினை வேற எங்கயோ. கெட்டதைத் திருத்தீட்டன் எண்டு வந்தா ரீஸ்டார்ட் பண்ணிப்போட்டு இன்னொருக்கா ஓட விடுங்கோ. ரெண்டு கொமாண்டையும் பெரிய எழுத்தில அச்சடிச்சு கவுன்டரில வச்சிருக்கிறம், வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.

திருத்தித் திருத்தி சில நாளில திரும்பக் கெடுதெண்டா அது பெரும்பாலும் விண்டோஸின்ர குற்றமா இருக்காது, ஹாட் டிஸ்க்கோ ரமோ (RAM) போறதாத்தான் இருக்கும். அப்ப டிஸ்க்கைச் சோதிக்கிற செக்டிஸ்க் கொமாண்ட் எல்லாம் ஓட விட்டுச் சாகப்போற டிஸ்க்கை வருத்தாதீங்கோ, முதல்ல ஃபோட்டோவையும் பிள்ளையளின்ர படிப்புச் சாமானையும் பென்டிரைவில எடுங்கோ.

விண்டோஸைத் திரும்பப் புதுசாப் போடுற "ரீசெட்" பற்றியும் சொல்லோணும். "கீப் மை ஃபைல்ஸ்" குடுத்தா ஒண்டும் போகாது எண்டு நினைக்கிறியள், ஃபைல் நிக்கும், ஆனா நீங்கள் போட்ட புரோகிராமும் எழுத்துருவும் போயிடும். ரீச்சர்மார் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு வச்ச வினாத்தாள் எல்லாம் பிறகு திறந்தா "mk;kh" மாதிரி இங்கிலிஷ் எழுத்தும் குறியுமா நிக்கும். ஃபைல் கெடேல்ல, பாமினியைத் திரும்பப் போட்டா வரும், அழவேண்டாம்.

இனி அட்மின் பாஸ்வேர்ட். வெளிநாட்டில இருக்கிற மகன் போட்டுத் தந்த எக்கவுண்ட், ஆருக்கும் பாஸ்வேர்ட் ஞாபகமில்லை, இப்பிடி வந்தா சின்னத் திருத்தமும் இழுபடும். அட்மின் எக்கவுண்ட் ஒண்டு உங்கட பேரில இருக்கட்டும், பாஸ்வேர்டைக் கொப்பியில எழுதி வையுங்கோ, பிள்ளையள் விளையாடவும் படிக்கவும் சாதாரண எக்கவுண்ட் வேறயாப் போட்டுக் குடுங்கோ, கண்ட கண்டதை இன்ஸ்டோல் பண்ணப் போனா உங்களிட்டத்தான் கேக்கும். புது லப்டொப் கனக்கில பிட்லொக்கர் எண்ட விண்டோஸின்ர பூட்டு டிஸ்க்கைத் தானாவே பூட்டி இருக்கும், அதுக்கு 48 இலக்கச் சாவி ஒண்டு உண்டு, உங்கட மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டுக்குள்ள பாத்து இப்பவே எழுதி வையுங்கோ. அது இல்லாட்டி டிஸ்க்கைத் திறக்க எங்களாலயும் ஏலாது, வேற ஆராலயும் ஏலாது. மைக்ரோசொஃப்டில இருந்து கதைக்கிறம் எண்டு ஃபோன் எடுத்து, வெளியில இருந்து உங்கட கொம்பியூட்டரை இயக்கிற எனிடெஸ்க் போடச் சொன்னா உடன ஃபோனை வையுங்கோ, மைக்ரோசொஃப்ட் அப்பிடி எடுக்கிறேல்ல.

கடைக்குக் கொண்டுவாறதெண்டா சார்ஜரையும் கொண்டுவாங்கோ. பாஸ்வேர்டை எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களே அடிச்சுத் திறந்து தாங்கோ. எந்த ஃபோல்டர் கட்டாயம் வேணும் எண்டு ஒரு துண்டில எழுதித் தந்தா, அதை வேறயா எடுத்து வச்சிட்டுத்தான் வேலையைத் தொடங்குவம்.

இப்படிக்கு,
உங்கட கொம்பியூட்டர் கடை,
திருகோணமலை