சித்தப்பா, அந்த முட்டை விஷயம்

சித்தப்பா,

நீங்கள் போய் இன்றோடு 23 நாள். எழுதினால் படிக்க மாட்டீர்கள், தெரியும். இருந்தபோதும் எழுதியதைப் படித்த ஆள் இல்லை நீங்கள், "என்னடா பேப்பர நீட்டுற, வாயால சொல்லு" என்பீர்கள். அதனால் சொல்வது மாதிரியே எழுதிக்கொண்டு போகிறேன்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைத்தான் சொன்னார்கள். ஜாலியான மனுஷன். வாசலில் ஒருவர் உங்களைப் பற்றி ஒரு கதை எடுக்க, பக்கத்தில் இருந்தவர் அதற்கும் மேலே ஒன்று எடுக்க, அழ வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். செவலைப் பசுவுக்கு மேனேஜர் என்று பேர் வைத்த கதையை மட்டும் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க அசைபோட்டபடி எல்லாரையும் முறைக்கிறாளே, வேறென்ன பேர் வைப்பது என்பீர்கள். விதை விற்க வருகிறவர், கடன் கொடுத்தவர், யார் போன் செய்தாலும் "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவீர்கள், பொய்யும் இல்லை, உண்மையிலேயே தொழுவத்துக்குப் போய் அவள் காதில் கேட்பீர்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல். ஜாலியான மனுஷன் என்று முடித்துவிட்டால், ஏதோ நிலம் பாட்டுக்குத் தானாக விளைந்தது, நீங்கள் வரப்பில் உட்கார்ந்து கதை அடித்தீர்கள் என்றாகிவிடுகிறது இல்லையா.

விதைப் பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? விதைப்புக்குப் பத்து நாள் முன்னால் ஈரச் சாக்கை விரித்து, பிள்ளைகள் பத்துப் பேரையும் கூப்பிட்டு ஆளுக்குப் பத்து விதை பொறுக்கி வைக்கச் சொல்வீர்கள். யார் விதை குறைவாக முளைக்கிறதோ அவர் ஒரு வாரம் தொழுவம் கூட்ட வேண்டும். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு விடிந்ததும் சாக்கைத் திறந்து பார்ப்போம், காய்ந்துவிடக் கூடாதே என்று அவரவர் வரிசைக்குத் தண்ணீர் தெளிப்போம். எனக்கு இது விளையாட்டு இல்லை என்று உறைக்க எத்தனையோ வருஷம் ஆனது. நூறு விதையில் எத்தனை முளைத்தது என்ற கணக்கு உங்கள் கைக்கு வந்துவிடும், 90 என்றால் வழக்கமான அளவு, 70 என்றால் ஏக்கருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி விதைப்பீர்கள். தொழுவமும் சுத்தமாகிவிடும். ஆள் கூலி இல்லாமல் இரண்டு வேலை!

மேனேஜர் முதல் கன்று போட்ட ராத்திரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மணி இரண்டு இருக்கும். என்னை எழுப்பிக் கூட்டிப்போனீர்கள், ஒரு கால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. டார்ச்சைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, என் கைக்கு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, "உள்ள விட்டுத் தடவிப் பாரு, கண்ண மூடிக்க" என்றீர்கள். சூடு, வழவழப்பு, பசு முக்கும்போது கையை நெரித்தது. குளம்புக்கு மேலே ஒரு மூட்டு, அதற்கும் மேலே இன்னொன்று. இரண்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரும் புதிருமாக மடங்கினால் பின்னங்கால். ஒரே பக்கம் மடங்கியது. மற்ற காலையும் மூக்கையும் நீங்களே தேடிப் பார்த்துவிட்டு, "சரி, தலை கொடுத்துத்தான் வர்றார், வாங்க துரை" என்று கன்றிடம் பேச ஆரம்பித்தீர்கள். கன்று விழுந்த அரை மணியில் சீம்பால் குடிக்க வைத்த பிறகுதான் வெளியே வந்து உட்கார்ந்தீர்கள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் ஜோக்கு மேல் ஜோக்கு. பயந்தால் அதிகமாகப் பேசுவீர்கள் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

நீங்கள் வாயே திறக்காத இடம் ஒன்று உண்டு. டிராக்டரில் பி.டி.ஓ. ஷாஃப்ட், அதான் இன்ஜின் சுற்றை மிஷினுக்குக் கொண்டுபோகும் தண்டு, அது ஓடும்போது. நிமிஷத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது, சட்டை நுனி மாட்டினால் ஆள் என்ன என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும். கதிரடிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, சுற்றிப்போகச் சோம்பல்பட்டு, நான் அந்த ஷாஃப்டைத் தாண்டிக் குதித்தேன். இன்ஜினை நிறுத்தினீர்கள். நடந்து வந்து கன்னத்தில் ஒன்று விட்டீர்கள். வாழ்நாளில் நீங்கள் என்னை அடித்தது அது ஒன்றுதான். சாயங்காலம் மிட்டாய் வாங்கித் தரவில்லை, சமாதானமும் பேசவில்லை. மறுநாள் ஷாஃப்டுக்கு மூடி வாங்கி மாட்டியிருந்தீர்கள். வாசலில் நின்று கதை சொன்னவர்கள் யாருக்கும் இது தெரியாது.

ஒரு கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மழை நோட்டு என்று ஒன்று வைத்திருந்தீர்களே, அதை எடுத்துப் பார்த்தேன். "10 மி.மீ. ஏக்கருக்கு 40,000 லிட்டர், ஓசி. நன்றி." "2 மி.மீ. கஞ்சன்." இப்படிப் பக்கம் பக்கமாக. அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்து, நனைந்து, கதிரிலேயே முளைவிட்ட வருஷத்துக்கு வந்தால், "80 மி.மீ. கேட்டபோது வரவில்லை" என்று ஒரு வரி, அதோடு சரி. அந்த வருஷம் எவ்வளவு போனது என்பது சித்தியின் நோட்டில்தான் இருக்கிறது. வட்டி, தவணை, நகை எல்லாம் அவர் கையெழுத்தில். நீங்கள் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டு இருந்தபோது கூட்டல் கழித்தல் எல்லாம் சித்தி தலையில். அவர் வாய்விட்டுக் கேட்ட போதெல்லாம் மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னீர்களாமே? அந்த ஜோக்குக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, சித்தப்பா.

சரி, முட்டைக்கு வருகிறேன். படுக்கையில் விழுவதற்கு முன்னால் கருப்புக் கோழியை அடை வைத்துவிட்டு, தேதியைத் தொழுவக் கதவில் சாக்பீஸில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் போன துக்கத்தில் பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, பிள்ளைகள்தான் தினம் ஒரு கோடு போட்டு எண்ணினார்கள். 21 நாள் ஆனது. ஒன்றும் பொரிக்கவில்லை. 22, 23. தாத்தா வைத்தது எல்லாம் கூமுட்டை ஆகிவிட்டது என்று சின்னவள் ஒரே அழுகை. தூக்கிப் போட்டுவிடலாம் என்று போய்க் கோழியைத் தூக்கினேன், அது கையில் கொத்தியது, அடியில் பார்த்தால் முட்டை ஒவ்வொன்றும் பெரிசு, லேசாகப் பச்சை ஓடிய வெள்ளை.

வாத்து முட்டை. 28 நாள்.

யாரிடமும் சொல்லாமல் அப்படியே மூடி வைத்துவிட்டு வந்தேன். முந்தாநாள் ஏழு பொரித்தது. இன்று காலையில் ஏழும் வரிசையாகப் போய்க் குட்டையில் இறங்கிவிட்டன, கோழி பாவம் கரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கத்திக்கொண்டே ஓடுகிறது. சத்தம் கேட்டுச் சித்தி வெளியே வந்தார். தண்ணீரைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், கதவில் இருந்த சாக்பீஸ் தேதியைப் பார்த்தார். "இந்த மனுஷன..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் அசைபோட்டபடி எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தாள்.