சாவி கொடுத்த பிறகுதான் வேலை

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

நுவரெலியா வீட்டை வாடகைக்கு விட நல்ல புரோக்கர் ஒருத்தரைப் பிடித்துத் தரச் சொல்லியிருந்தாய். புரோக்கர் போதாதம்மா. ஆளைக் கூட்டிவந்து ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்கியதும் அவர் போய்விடுவார். நீ கட்டாரில் இருப்பதால் மாதாமாதம் வீட்டைப் பார்க்கிற முகாமையாளர்தான் வேண்டும். வாடகை 60,000 ரூபா என்று வை. 8 சதவீதம் கேட்டால் 4,800. தாராளமாகக் கொடு. அதற்கு என்னென்ன செய்வார் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்.

முதல் வேலை ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை, பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். தவணை முடிந்தும் ஆள் எழும்பாவிட்டால், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் வீட்டைச் சுருக்காக மீட்க வழியுண்டு. வெறும் கடதாசியில் கையெழுத்து வாங்கினால் அந்த வழி அடைபட்டுப்போகும். உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால், மாத வாடகைக்கு எடுத்தவரே வீட்டை நாள் வாடகைக்கு விட்டுக் காசு பார்ப்பார். அதனால் ஏப்ரலில் முகாமையாளர் ஒருமுறை கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

சாவி கொடுக்கும் அன்றே மீட்டர் இலக்கம், சுவர், குழாய், அலமாரி எல்லாவற்றையும் படமெடுத்து, பொருட்பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்து வைக்கட்டும். முற்பணத்தில் கழிப்பதா இல்லையா என்ற சண்டையெல்லாம் இந்தப் பட்டியல் இல்லாததால் வருவது. முற்பணம் உன் கணக்குக்கே வரட்டும், முகாமையாளர் பைக்குள் போகக்கூடாது. லைட் பில் உன் பெயரில் இருப்பதால் பாக்கியும் உன் தலையில்தான் விழும். கட்டிய ரசீதை மாதாமாதம் அனுப்பச் சொல்.

மழைதான் நம் பக்கத்தில் பெரிய விஷயம். மே மாதத்துக்கு முன்னால் கூரைப் பீலிகளைத் துப்புரவாக்க வேண்டும். பைன் இலை அடைத்தால் தண்ணீர் திரும்பி சீலிங்குக்குள் இறங்கும். கூரைத் தகரத்து ஆணிகளின் ரப்பர் வெடித்திருக்கிறதா, சுவரோடு ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்பக்கத்து அணைச்சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவே, கடும் மழையிலும் அவை காய்ந்து கிடந்தால் அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். உள்ளே சேரும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை விட்டால், குடியிருப்பவர்களை உடனே வெளியேறச் சொல்ல வேண்டியதும் முகாமையாளர்தான்.

10,000 ரூபா வரையான திருத்தத்தை முகாமையாளர் உன்னைக் கேட்காமல் செய்யலாம், அதற்கு மேல் கேட்டுத்தான் என்று எல்லை போடு. உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலை வரியை ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு கிடைக்கும். அதையும் அவர் பொறுப்பில் சேர்.

உனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் முகாமையாளர் பெயரில் வேண்டாம், என் பெயரில் எழுது. அதிலும் குத்தகைக்கு விடவும் வாடகை வாங்கவும் மட்டும் அதிகாரம் இருக்கட்டும். விற்க, ஈடு வைக்க என்று ஒரு சொல்லும் வரக்கூடாது, அப்பாவுக்கென்றாலும்தான். தோஹாவில் நம் தூதரகத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் வரைவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா