சமவெளி அட்டவணை ஊட்டிக்குச் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வயதுவாரியாக ஒரு நாடித்துடிப்பு அட்டவணை போட்டிருந்தீர்கள். 220-இல் வயதைக் கழித்துக்கொள், வருகிற எண்ணில் 60 முதல் 70 சதவீதத்துக்குள் ஓடு, அதுதான் நிதான ஓட்டம் என்று. துடிப்பைப் பார்த்து ஓடச் சொன்னது நல்ல விஷயம். நம் பிள்ளைகள் நிதானமாக ஓட வேண்டிய நாளிலும் பந்தயம் மாதிரி ஓடிவிட்டு, பந்தய நாளில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த அட்டவணை நீலகிரிக்கு வரும் பதிப்பிலும் அப்படியே வந்திருக்கிறதே, அங்கேதான் எனக்குத் தகராறு.

முதலில் கணக்கு. ஐம்பது வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு, அதாவது இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் துடிக்கக்கூடிய எண்ணிக்கை, 220-இல் 50 போக 170, அதில் 60 முதல் 70 சதவீதம் என்றால் 102 முதல் 119. குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பெட்ஃபோர்டு வரை ஏறினாலே பலருக்கு அது தாண்டிவிடும், இதில் எங்கே ஓடுவது? சதவீதத்தை உச்சத் துடிப்பிலிருந்து நேராக எடுப்பது ஒரு வழி. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிச்சத்தில் சதவீதம் பார்த்து, ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்டிக்கொள்வது இன்னொரு வழி. பின்லாந்துக்காரர் கார்வோனன் 1957-இல் சொன்னது. அதே ஆளுக்கு ஓய்வுத் துடிப்பு 60 என்று வையுங்கள், அதே சதவீதம் 126 முதல் 137 என்று வரும். எந்த வழி என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் போட்டால் படிக்கிறவர் எதைப் பிடிப்பார்? அந்த 220-ம் சராசரிதான். 2001-இல் டனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே வரும், அறுபதில் ஒன்று 160, மற்றது 166. எதை எடுத்தாலும் ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துத் துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம்.

அப்புறம் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். 1968 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில், அப்போது உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஜெயித்த கென்யாவின் நஃப்தாலி டெமுவின் நேரமே கிளார்க்கின் சாதனையை விட ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அதிகம். காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் எங்கும் ஒன்றுதான், இங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். மேலே வந்த சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கொஞ்சம் குறைந்துவிடும், ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் குறையும், அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் இறங்கும், முழுசாக இறங்காது.

கோடை விடுமுறையில் கோயம்புத்தூர், சென்னைப் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பயிற்சியாளர்கள் இதை யோசிக்க வேண்டும். கீழே ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று ஓடவைத்ததை இங்கே முதல் நாளே ஓடவைக்கிறார்கள். மலையில் வேகத்தை மறந்துவிட்டு துடிப்பைப் பாருங்கள், கீழே நிதானமாக ஓடியபோது இருந்த துடிப்பிலேயே நிற்க முயலுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் சாலை மாதிரி ஏற்றமும் இறக்கமுமான இடத்தில் அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஏற்றம் தொடங்கி ஒரு நிமிடம் போனால்தான் துடிப்பு உண்மையைச் சொல்லும், அதற்குள் மூச்சு முட்டியிருக்கும். இறக்கத்தில் எண் குறைவாகக் காட்டும், தொடை மட்டும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் நடப்பதை ஏனோ மானக்கேடாக நினைக்கிறார்கள். நடங்கள் ஐயா, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வாட்ச் விஷயமும் ஒன்று. ஜனவரியில் ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தபோது ஒரு பையன் வாட்ச்சை நீட்டி, "சார், 172 காட்டுது" என்று பயந்துகொண்டு நின்றான். ஓடியபடியே பக்கத்துப் பையனோடு கிரிக்கெட் கதை பேசிக்கொண்டு வந்தவன் அவன். உடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன், 33 வந்தது. நாலால் பெருக்கினால் 132. குளிரில் தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கினால் தோலடி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக் கணக்கெடுக்கும் மணிக்கட்டு வாட்ச்சின் பச்சை விளக்குக்குத் துடிப்பு சரியாகப் பிடிபடாது, சில நேரம் கால் அடி வைக்கும் எண்ணிக்கையையே துடிப்பு என்று காட்டிவிடும். துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், மற்றவர்களுக்கு விரலே போதும். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதும் நம்பகமான அளவுதான். பேச முடியவில்லை என்றால் எந்த எண் காட்டினாலும் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அட்டவணை சமவெளியிலும் உதவாது. அந்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது, அட்டவணை எண்ணைத் தொடுவதற்காக அவர்கள் தங்களை வருத்திக்கொண்டால் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் அவர்கள் ஓட்டப் பயிற்சியில் இறங்கவே கூடாது. இதை உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூடக் காணோம். அடுத்த ஞாயிறு திருத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன், அதுவும் மருத்துவக் குறிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இல்லாமல், அட்டவணை வந்த அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உதகமண்டலம்.