ஸ்வே பார் வாங்கும் முன், கார் முன்பக்கம் வழுக்குகிறதா பின்பக்கமா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மோட்டார் பகுதியில் பர்ஃபார்மன்ஸ் கார்களுக்கு ஸ்வே பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாற்றுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சஸ்பென்ஷன் விஷயத்தைத் தமிழில் இவ்வளவு விரிவாக எழுத ஆள் கிடைப்பதே அரிது, அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு கருத்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பார் எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்குக் கிரிப், அதாவது டயரின் பிடிப்பு, கூடும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். இதை நம்பி ஒருவர் இருப்பதிலேயே தடித்த பாரை வாங்கிப் பின்பக்கம் மாட்டிக்கொண்டு போனால், மழை பெய்த ஒரு வளைவில் கார் அவர் கையை விட்டுப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமான கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒன்றுதான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற, 'ப' வடிவில் வளைத்த எஃகுக் கம்பி. நடுப்பகுதி ரப்பர் புஷ்ஷுக்குள் சேஸியோடு பிடித்திருக்கும், இரண்டு முனைகளும் லிங்க் என்ற சிறு இணைப்புக் கம்பி வழியாக, சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்மிலோ ஸ்ட்ரட்டிலோ மாட்டியிருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா திரும்பும், அதற்கு வேலை இல்லை. வளைவில் கார் சாயும்போது ஒரு சக்கரம் மேலே போகும், இன்னொன்று கீழே இறங்கும், அப்போதுதான் ஈரத்துணியைப் பிழிவதுபோல் பார் முறுக்கிக்கொண்டு சாய்வை எதிர்க்கும். ஸ்பிரிங்கை மாற்றாமல் சாய்வை மட்டும் குறைக்க முடிகிறது என்பதால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

சரி, சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடுமா? இங்கேதான் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள். வளைவில் உள்பக்க டயரின் பளு வெளிப்பக்க டயருக்கு மாறுகிறது அல்லவா, அந்த மாற்றத்தின் மொத்த அளவைத் தீர்மானிப்பவை காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், வளைவில் நாம் போகும் வேகம் ஆகியவைதான். எவ்வளவு தடித்த பார் போட்டாலும் அந்த மொத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதில் முன்பக்க ஜோடிக்கு எவ்வளவு, பின்பக்க ஜோடிக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் பாரின் வேலை. டயருக்கு ஒரு குணம் உண்டு: அதன்மேல் பளு இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே உள்டயருக்கும் வெளிடயருக்கும் பளு வித்தியாசம் எந்தப் பக்க ஜோடியில் அதிகமோ, அந்தப் பக்கம் மொத்தப் பிடிப்பு குறைகிறது. முன்பக்க பாரை விறைப்பாக்கினால் முன்பக்கம் முதலில் வழுக்கும், அதாவது அண்டர்ஸ்டீர். பின்பக்க பாரை விறைப்பாக்கினால் பின்பக்கம் வழுக்கும் போக்கு கூடும். கட்டுரையில் இந்த ஒரு விஷயம் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1960 மாடலாக வந்த ஷெவர்லே கார்வேர், இஞ்சின் பின்னால் இருக்கும், பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில் (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு). வளைவில் பின்பக்கம் திடீரென்று விலகிப்போகிறது என்று அதன்மேல் பெரிய சர்ச்சையே நடந்தது. ஆரம்ப வருடங்களில் முன்பக்க ஸ்வே பார் எல்லாக் கார்களிலும் வரவில்லை, 1964 மாடலில்தான் அதை ஸ்டாண்டர்டாகக் கொடுத்தார்கள், கூடவே பின்பக்கம் ஒரு குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் சேர்த்தார்கள். கவனியுங்கள், பின்பக்கம் வழுக்கிய காருக்குப் பாரை மாட்டியது முன்பக்கத்தில்.

அடுத்து தடிமன். முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு (விட்டத்தை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வருவது) ஏற்பக் கூடும். 22 மி.மீ. பாருக்குப் பதில் 24 மி.மீ. போட்டால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் விறைப்பு சுமார் 42 சதவீதம் கூடிவிடும். 20-இல் இருந்து 25-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. (அந்தப் பக்கத்தின் மொத்தச் சாய்வு எதிர்ப்பில் ஸ்பிரிங்குக்கும் பங்கு உண்டு, பாதிதான் பாரிடமிருந்து வருகிறது என்றால் 42 சதவீதம் என்பது மொத்தத்தில் 21 சதவீதம்தான்.) இதெல்லாம் கம்பியின் வடிவம் மாறாமல் இருந்தால் சொல்லும் கணக்கு. முனைகளில் வளைந்து நீளும் பகுதியின், அதாவது கையின், நீளம் குறைந்தாலும் விறைப்பு கூடும், அதுவும் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில். 250 மி.மீ. கையை 230 ஆக்கினால் ஏறக்குறைய 18 சதவீதம் விறைப்பு கூடும். அட்ஜஸ்ட் செய்யும் பார்களில் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருப்பது இதற்காகத்தான்.

உள்ளே வெற்றிடமுள்ள பார்களும் வருகின்றன, பல கார்களில் கம்பெனியிலேயே அப்படித்தான். நான்காம் அடுக்குக் கணக்கில் நடுவில் உள்ள இரும்பு பெரிதாக எதுவும் செய்வதில்லை. 26 மி.மீ. விட்டம், 4 மி.மீ. சுவர் உள்ள குழாய் பார், முழுக் கம்பியான 24 மி.மீ. பாரைவிட 6 சதவீதம் விறைப்பு, எடையோ கிட்டத்தட்ட 39 சதவீதம் குறைவு. அதனால் மி.மீ. அளவை மட்டும் வைத்து இரண்டு பார்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். உங்கள் கட்டுரையில் இருந்த அட்டவணையிலும் விட்டம் மட்டும்தான் இருந்தது, சுவர்த் தடிமனும் இல்லை, கை நீளமும் இல்லை.

அப்படியானால் எதை வாங்குவது? முதலில் உங்கள் கார் வளைவில் என்ன செய்கிறது என்று பாருங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இஞ்சின் எடையெல்லாம் முன்னால்தான், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகப் போகப் பார்க்கும். இதைக் கம்பெனிக்காரர்கள் தெரிந்தேதான் வைக்கிறார்கள், பயந்துபோன ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை விட்டால் கார் தானாக அடங்கட்டும் என்று. இந்த மாதிரிக் கார்களில் பின்பக்க பாரை ஓரளவு விறைப்பாக்கினால் கார் நன்றாகத் திரும்பும். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அளவு மீறினால் வளைவின் நடுவில் காலை எடுத்த நொடியில் பளு முன்னால் போக, லேசான பின்பக்கம் சுழன்றுவிடும். ரேஸ் ஓட்டுநர் அதைப் பயன்படுத்திக்கொள்வார், குழந்தைகளைப் பின்சீட்டில் வைத்து ஓட்டுபவருக்கு அது எதற்கு? இன்னொன்று, பின்பக்க உள்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் அதற்குமேல் பின்பக்க பாரை எவ்வளவு விறைப்பாக்கியும் பயனில்லை, பின்பக்கம் மாற்றுவதற்குப் பளு மிச்சமே இருக்காது.

பின்சக்கரம் தள்ளும் கார்களில் கதை வேறு. பின்பக்க பார் அதிக விறைப்பாக இருந்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் பளு குறைந்த உள்சக்கரம் வீணாகச் சுழலும், சாதாரண டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) என்றால் பவர் முழுவதும் அதிலேயே போய்விடும். இங்கே பின்பக்கத்தைத் தொடாமல் முன்பக்கத்தில் தொடங்குவதே நல்லது.

முன்பக்க பாரை விறைப்பாக்கினால் முன்பக்கப் பிடிப்பு குறையும் என்றேன் அல்லவா, அதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) உள்ள கார்களில், குறிப்பாக உயரத்தைக் குறைத்த கார்களில், கார் சாயச் சாய வெளிப்பக்க முன்டயரின் கேம்பர் (டயர் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) கெட்டு டயர் தன் வெளி ஓரத்தில் நிற்கும். அந்த டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, உள்பக்கம் புதிதுபோல் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் காரில் முன்பக்க பாரைக் கொஞ்சம் விறைப்பாக்கினால் டயர் நேராக நின்று, முன்பக்கப் பிடிப்பு கூடவும் செய்யலாம். ஆனால் முதலில் அலைன்மென்டில் நெகட்டிவ் கேம்பர் (டயரின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், பல நேரம் பாருக்கே தேவை இருக்காது.

மாட்டும் வேலையைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வரிதான் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவரின் கார், புதுப் பின்பக்க பார் மாட்டிய பிறகு இடப்பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரியும் வலப்பக்கம் திரும்பும்போது வேறு மாதிரியும் இருந்தது. காரை நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிறுத்தி ஒரு பக்க லிங்க் போல்ட்டைத் தட்டி வெளியே எடுத்தோம், லிங்க் டக்கென்று எகிறி, துளையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு விலகி நின்றது. ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து, பொருந்தாத போல்ட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி முடுக்கியிருந்தார்கள் அந்த ஒர்க்‌ஷாப்பில். கார் சும்மா நிற்கும்போதே பார் முறுக்கிக்கொண்டு ஒரு சக்கரத்தை அழுத்தி, இன்னொன்றைத் தூக்கிக்கொண்டிருந்தது. சரியான முறை இதுதான்: சக்கரங்கள் எல்லாம் தரையில் பளுவோடு இருக்க வேண்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும், கடைசி லிங்க்கின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்து போல்ட் கையாலேயே உள்ளே போகும்படி வைத்து, அப்புறம் முடுக்க வேண்டும். உயரம் குறைத்த காருக்கு நீளம் மாற்றக்கூடிய லிங்க் இல்லாமல் பார் வாங்கவே வேண்டாம்.

பாலியூரித்தேன் புஷ் போடுபவர்கள் சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் மாட்டினால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் கிரீச் சத்தம் வரும். விறைப்பான பார் தன்னைத் தாங்கும் பிராக்கெட்டையும் அதிக பலத்தோடு இழுக்கும் என்பதால் அந்த இடத்தின் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டும் முழுதாக மேலே ஏற்றியும், பார் பிரேக் ஹோஸிலோ டிரைவ் ஷாஃப்டிலோ உரசுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கரடுமுரடான சாலையில் தினமும் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார் விறைப்பாக ஆக, ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் எதிர்ப்பக்கச் சக்கரமும் அதை வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவரின் தலை பக்கவாட்டில் ஆடும். கரடுமுரடான இடங்களில் பார் எவ்வளவு இடைஞ்சல் என்பதற்கு ஜீப் ரேங்லர் ரூபிகானே சாட்சி, அதில் முன்பக்க பாரைத் துண்டிக்க ஒரு சுவிட்சே வைத்திருக்கிறார்கள். ஈரச் சாலையிலும் சற்றுத் தளர்வான செட்டிங்தான் நிதானமாக நடந்துகொள்ளும்.

என் கருத்தைக் கேட்டால், தேய்ந்த டயரும் களைத்துப்போன ஷாக் அப்சார்பரும் இருக்கிற காருக்கு ஸ்வே பார் வாங்குவது பணத்தை வீணாக்குவதுதான். அவற்றைச் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்து, அதன்பிறகும் முன்பக்கமோ பின்பக்கமோ மட்டும் வழுக்குகிறது என்றால் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய பாரை வாங்கி, மிகத் தளர்வான துளையில் தொடங்கி, ஒரு தடவைக்கு ஒரு துளை மட்டும் மாற்றி, வேறு வண்டி வராத டிராக்கில் ஓட்டிப் பாருங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த மாதிரி அட்டவணை போடும்போது ஒவ்வொரு பாருக்கும் வெளிவிட்டம், முழுக் கம்பியா குழாயா, குழாய் என்றால் சுவர்த் தடிமன், கை நீளம், எத்தனை துளைகள் என்பதையும், அதே காரின் கம்பெனி பாருக்கு இதே அளவுகளையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். தடித்த பார் கிரிப்பைக் கூட்டும் என்ற வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால், அதைப் படித்துவிட்டு வாங்கப் புறப்பட்டிருப்பவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மோட்டார் பகுதியைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகர்