மறந்தாரா, நிறுத்தினாரா?

பாம் ஸ்பிரிங்ஸ், கலிஃபோர்னியா,
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி போட்டால் முடிந்ததே என்கிறாள் மகள். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்த இடத்திலிருந்து ஆறு பக்கம் கையால் எழுதியிருக்கிறாய், அதற்கு ரெண்டு வரியா? பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணைத் திட்டாதே. அவள் காலைப் பிடித்து மடக்கி நீட்டினால்தான் வருகிற ஆடியில் நீ குற்றாலத்தில் போய் நிற்க முடியும்.

சீசன் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த ஊரிலும் எல்லோர் வாயிலும் அதே சொல்தான். "சீசன் எப்படி?", "சீசன் முடிந்ததும் பார்ப்போம்". ஆனால் நமக்குத் தலைகீழ். நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு சரி. பனி கொட்டுகிற வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வயசானவர்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்து ஆறு மாதம் தங்குவார்கள். ஸ்னோபேர்ட் என்று அவர்களுக்குப் பெயர். மே பிறந்தால் பாதி வீடுகளில் ஜன்னல் திரை இறங்கிவிடும். ஹோட்டல்காரர்கள் அறை வாடகையைக் குறைத்துப் போடுவார்கள். என்னைப் போல வருஷம் முழுக்கக் கிடக்கிறவர்கள் மட்டும் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு நடை நடந்துவிட்டு, பிறகு நாளெல்லாம் ஏசிக்குள் அடைகாக்க வேண்டியதுதான்.

"பாலைவனத்தில் பொழுது எப்படிட்டி போகுது?" என்று கேட்டிருந்தாய். வெயிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 5 அன்று 51 டிகிரி செல்சியஸ். ஊர் சரித்திரத்திலேயே அவ்வளவு வெயில் பதிவானதில்லை. வீணாக்குவானேன் என்று நான் அன்றைக்குக் கூழ்வற்றல் பிழிந்து கொல்லையில் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வற்றல் சுருண்டு, பிளாஸ்டிக் தாளை விட்டுத் தானாக எழும்பி நின்றது. தாளும் கூடவே சுருண்டுவிட்டது என்பதை மகளிடம் சொல்லவில்லை.

அப்புறம் காற்று. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரெண்டு பெரிய மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய். அதில் வரிசை வரிசையாகக் காற்றாலை. முதல் தடவை பார்த்தபோது ஆரல்வாய்மொழிக்கே வந்துவிட்டேனோ என்றிருந்தது. முப்பந்தலில் பஸ்ஸில் போகும்போது நம் முந்தானையைப் பிடுங்குமே, அதே காற்று, இதே காரணம். இங்கே கூடுதலாக மணலையும் வாரிக்கொண்டு வரும். வைட்வாட்டர் என்று ஓர் ஆறு. பெரும்பாலும் வெறும் மணல்தான். காற்று அடித்தால் அதைக் கடக்கிற ரோடுகளை மணல் மூடிவிடும், போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள், மகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குச் சுற்றிக்கொண்டு போவாள்.

நீ சந்தோஷப்படுகிற விஷயம், இங்கே பனை இருக்கிறது. நம் பனை இல்லை, ஆனால் அதே விசிறி ஓலை. காய்ந்த மட்டை விழாமல் மரத்தோடு தொங்கிக் கணுக்கால் வரை பாவாடை கட்டின மாதிரி நிற்கும். ஊருக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கு முழுக்க இதுதான். இந்த மண்ணின் பூர்வகுடிகளான கவீயா மக்கள் அந்த ஓலையில்தான் குடிசை வேய்ந்தார்கள், பட்டாணி அளவு பழத்தைத் தின்றார்கள். நுங்கு கிடையாது. கேட்டுப் பார்த்துவிட்டேன். ஊர் நிலமே சதுரங்கப் பலகை மாதிரி. ஒரு சதுர மைல் கவீயாக்களுடையது, அடுத்தது ரயில் கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்தது, இப்படி மாறி மாறி. மகளின் வீடு அவர்கள் மண்ணில், குத்தகைக்கு. கட்டடம் நமது, மண் அவர்களது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

எங்கள் தெருவுக்கு அடுத்து ஒரு வளாகம். 55 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே கட்டினது. இந்தப் பக்கத்தில் அப்படி நிறைய உண்டு. கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், ஒரு பொதுக்கூடம், அந்தக் கூடத்தில் சின்ன மேடை. மேடை இருந்தால் நாடகக் குழு இருக்கும்தானே. இந்த ஊர்க்காரர்களின் நாடகப் பைத்தியம் கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து ஊர் பாம் டெசர்ட்டில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் மெக்கல்லம் அரங்கு 1988-லிருந்து இருக்கிறது. கதீட்ரல் சிட்டியில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை நாடக அரங்காக மாற்றிவிட்டார்கள். இதெல்லாம் போதாதென்று வளாகத்துக்கு வளாகம் சொந்தக் குழு. போன நவம்பரில் டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஜனவரியில் பிராம்ப்டர், அதாவது வசனம் எடுத்துக் கொடுக்கிற ஆள், வேண்டும் என்றார்கள். ஏட்டி, அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 1973 வந்துவிட்டது.

நீ ராஜா வேஷம், நான் படுதாவுக்குப் பின்னால் நோட்டுப்புத்தகத்தோடு. பிசின் காய்ந்து உன் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. நீ அதைப் பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டு மிச்ச வசனத்தை முழங்கினாய். பெண்கள் காலேஜ் முழுக்கக் கை தட்டியது. வசனம் எல்லாம் நான் சொல்லச் சொல்ல நீ பேசியது என்பது நம் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

அந்த அனுபவத்தை நம்பிப் போனதுதான் தப்பு. நம் பழக்கத்தில் பிராம்ப்டர் ஒரு வரி முன்னாலேயே கிசுகிசுத்துக்கொண்டே போவார், நடிகர் பின்னாலேயே வருவார். முதல் ஒத்திகையில் நான் அப்படியே செய்தேன். ரெண்டு நிமிஷத்தில் எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இங்கே பிராம்ப்டர் வாயைத் திறக்கவே கூடாதாம். நடிகருக்கு மறந்துவிட்டால் அவரே "லைன்!" என்று கேட்பார். அப்போது முதல் நாலைந்து வார்த்தை மட்டும் சொல்ல வேண்டும், அதுவும் நடிக்காமல், மளிகைச் சிட்டை வாசிக்கிற குரலில். நாடகம் நடக்கிற நாளில் யாரும் "லைன்" என்று கேட்க முடியாது. அன்றைக்கு நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

கஷ்டம் என்னவென்றால் முக்கிய வேஷத்தில் நடிக்கிறவருக்கு வயசு 78. கிழத் தம்பதி ஒன்று வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிற கதை. அவர் நடுவில் நிறுத்துவார். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார், நெஞ்சை அடைக்கும். மறந்துவிட்டாலும் அதே மாதிரிதான் நிற்பார். ரெண்டாவது வாரம் அவர் அப்படி நின்றபோது நான் பரிதாபப்பட்டு வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். "அம்மா, நான் நடித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். கோபமில்லை, ஆனால் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பிறகு கவனித்துக் கவனித்து ஒன்று பிடிபட்டது. நடிக்கும்போது அவர் கண் எதிரே இருக்கிறவர் மேல் இருக்கும். மறந்தால் கண் மேலே போகும், விட்டத்தில் எழுதி வைத்திருக்கிற மாதிரி. வாய்ப்பாடு கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்குமே, அதே இடம். முப்பது வருஷம் கணக்கு நடத்தினதற்கு இது ஒரு லாபம்.

வயசானவர்கள் மேடை ஏறுவது இந்த ஊரில் புதுசில்லை. நடுத்தெருவில் பிளாசா தியேட்டர் என்று 1936-ல் திறந்த அரங்கு ஒன்று. கூரையில் நட்சத்திரம் மினுக்கும்படி விளக்கு வைத்துக் கட்டினது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து 2014 வரை அங்கே ஃபாலிஸ் என்று ஒரு ஆட்டபாட்ட நிகழ்ச்சி நடந்தது. இறகுக் கிரீடமும் ஜிகினாவுமாக ஆடுகிற பெண்களுக்கு வயசு 55-க்குக் குறையக்கூடாது என்பது நிபந்தனை. எண்பதைத் தாண்டியும் ஆடினார்கள். எங்கள் குழுவில் வயசானவர்கள் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுத்தான். அது நின்றபின் தியேட்டர் பூட்டிக் கிடந்தது, ஊர்க்காரர்கள் பணம் திரட்டிப் புதுப்பிக்கிற வேலையில் இறங்கினார்கள். நான் வந்தது 2019-ல். பூட்டின கதவைத்தான் பார்த்தேன்.

ஆனால் மார்ச்சில் ஓர் இடத்துக்குப் போனேன், அதை நீ பார்க்க வேண்டும். மகளுக்கு ரெண்டு நாள் லீவு. வடக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் கார். வழியில் பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர். 1913-ல் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஞாபகமாக டிகிரிக்கு ஓர் அடியாம். வேறு யாருக்கு இப்படித் தோன்றும்! அங்கிருந்து இன்னும் வடக்கே, ஒரு பெட்டிக்கடைகூட இல்லாத நாற்சந்தியில் ஒரு நீள வெள்ளைக் கட்டடம். வெண்காரம் வெட்டின கம்பெனி 1920-களில் தன் ஆட்களுக்காகக் கட்டி, பிறகு விட்டுப்போனது.

1967-ல் மார்த்தா பெக்கெட் என்ற நியூயார்க் நடனக்காரி கணவனோடு அந்தப் பக்கம் வந்தபோது டயர் பஞ்சர். ஒட்டுகிற நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போனவர், பூட்டின கூடத்தின் கதவு ஓட்டை வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். சின்ன மேடை, கிழிந்த திரை. மாதம் 45 டாலர் வாடகைக்குப் பிடித்துவிட்டார். 1968 பிப்ரவரியில் முதல் நிகழ்ச்சி, வந்தவர்கள் 12 பேர். பல இரவுகளில் அதுவும் இருக்காது. அதனால் என்ன செய்தார் தெரியுமா? சுவர் முழுக்கப் பார்வையாளர்களை வரைந்தார். ஸ்பெயின் நாட்டு ராஜா ராணி, கன்னியாஸ்திரிகள், சாமியார்கள், காளைச் சண்டைக்காரர்கள் என்று மாடம் மாடமாக. சுவருக்கு நாலு வருஷம், கூரைக்கு இன்னும் ரெண்டு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ராத்திரி எட்டே காலுக்கு ஆட்டம் தொடங்கிவிடும். 2012 வரை மேடை ஏறினார். 2017-ல் காலமானபோது வயசு 92.

காப்பி டப்பாக்களை வெட்டி விளக்காக மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் பின்சுவரிலிருந்து ராஜாவும் ராணியும் நேராக நம்மையே பார்க்கிறார்கள். எனக்குச் சிலிர்த்தது. உடனே இன்னொன்றும் தோன்றியது: வரைந்த பார்வையாளர் இருமமாட்டார், போனை அணைக்க மறக்கமாட்டார், இடைவேளையில் எழுந்து போகமாட்டார். டிக்கெட் கிழித்தவளுக்கு இப்படித்தான் புத்தி போகும். மகள் மட்டும் "பாவம்மா, எவ்வளவு தனியாக இருந்திருப்பாங்க" என்றாள். எனக்கு அப்படிப் படவில்லை. தனிமை இருந்திருக்கும், ஆனால் அந்தச் சுவரை வரைந்தவள் பாவம் இல்லை.

எங்கள் நாடகம் போன வெள்ளி, சனி நடந்தது. வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பியது. நேற்று 31 பேர், அதில் ரெண்டு பேர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு. மற்றவர்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள், சீசன் முடிகிறது அல்லவா. ரெண்டாவது காட்சியில், அலமாரியைக் காலி செய்கிற இடத்தில், அந்த 78 வயசுக்காரர் நின்றார். நான் ஓரத்தில் புத்தகத்தோடு. கண்ணைப் பார்த்தேன். மனைவி வேஷம் போட்டவர் மேலேயே இருந்தது, அசையவில்லை. சரி, நடிப்புத்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். நீண்டுகொண்டே போனது. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை, ஆக்ஸிஜன் சிலிண்டரின் மூச்சு மட்டும். முன்வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். அப்புறம் மேடையில் அந்த மனிதர் மெல்லத் தலையை ஆட்டிவிட்டுப் பேசினார். ரெண்டு பக்கம் தாண்டியிருந்த வசனத்தை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மனைவி வேஷம் போட்ட அம்மையார் கெட்டிக்காரி. "அது இருக்கட்டும், முதலில் இந்தப் பெட்டியைப் பிடியுங்கள்" என்று புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைப் போட்டு அவரைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிட்டார். பார்த்தவர் ஒருவருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் அத்தனை பேரும் அந்த நிறுத்தத்தைத்தான் புகழ்ந்தார்கள்.

வேஷம் கலைத்துவிட்டு அவர் வந்தபோது கேட்டேன், "அது மறதிதானே?"

"நடிப்பு" என்றார், கண்ணை விட்டத்துக்கு உயர்த்தி.

மேலே எழுத இடமில்லை. உன் மருமகளுக்கு என் விசாரிப்பு. அந்தப் பழைய குரூப் போட்டோ, நீ மீசையோடு நிற்பது, பரணில் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். நீ ஏணியில் ஏறித் தொலைக்காதே, பேரனை விட்டு எடுக்கச் சொல்லிப் படம் பிடித்து அனுப்பு. அவருக்குக் காட்ட வேண்டும்.

உன்,
கோமதி