தேரி மண்ணு நெறத்துல ஒரு ஊரு

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழம நம்ம பேப்பர்ல பிரான்ஸ் கிராமங்களப் பத்தி போட்டிருந்தீங்க, படமெல்லாம் அருமை. ஆனா 'காலம் நின்னுபோன ஊர்கள்'னு தலைப்பு வச்சீங்க பாருங்க, அதுதான் எனக்குச் செமிக்கல. எங்க அக்கா மவன் பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல வேல பாக்கான், போன வருசம் போயிருந்தப்போ கொலோன்ஜ் லா ரூஜ்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனான், கார்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரூஜ்னா செவப்பு. வீடு, மதிலு, சர்ச் கோபுரம் எல்லாம் ஒரே செவப்புக் கல்லு, கல்லுல இரும்பு கலந்திருக்கதால அந்த நெறம், அப்படியே நம்ம தேரி மண்ணுதான். சர்ச் வாசலுக்கு மேல மட்டும் வெள்ளக் கல்லுல சிற்பம், 12-ம் நூற்றாண்டு வேலயாம்.

முன்னால துரென் பிரபுக்க சீமை அது. அவுகட்ட உத்தியோகம் பாத்த பெரிய மனுசங்கதான் கோபுரம் வச்ச வீடெல்லாம் கட்டுனது. 1738-ல கடன் தாங்காம சீமையவே பிரான்ஸ் ராசா 15-ம் லூயிக்கு வித்துட்டாவ, நம்ம பக்கத்து ஜமீன் கதையேதான். பொறவு திராட்சக் கொடில பூச்சி விழுந்து பொழப்பும் போச்சு, சனம் காலி பண்ணிட்டுப் போக, ஆளில்லாத வீட்டக் கல்லு கல்லா பேத்து வித்தாவளாம். இதுல காலம் எங்கன நின்னுச்சு? இடிச்சத நிப்பாட்டுனது ஊர்க்காரங்க.

அந்த ஊர் மேயர் ஷார்ல் செராக் 1982-ல 66 மேயர்மார சேத்து, அழகான கிராமங்களுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு. அதுல சேரணும்னா ஊர்ல 2000 பேருக்கு மேல இருக்கப்படாது, அரசாங்கம் பாதுகாக்குற பழைய எடம் ரெண்டாவது இருக்கணும், ஊர் மன்றத்துல தீர்மானம் போடணும். (இப்போ டூரிஸ்ட் கூட்டம் தாங்கல, காப்பி வெலயக் கேட்டா மயக்கம் வரும், அது வேற.)

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க தெருவுல போன மாசம் ஒரு வீட்ட ஜேசிபி வச்சு இடிச்சாவ. திண்ணை, அளி (மரக்கம்பித் தடுப்பு) போட்ட தார்சா, கருப்பட்டியும் கடுக்காயும் சேத்து அரைச்ச சுண்ணாம்புச் சுவரு, அரை நாள்ல முடிஞ்சிட்டு. தேக்குத் தூணையும் கதவு நெலையையும் லாரில ஏத்திட்டுப் போயிட்டாவ. கிராம சபைல ரோடு, லைட்டு, தண்ணி எல்லாம் பேசுதோம், இதப் பத்தி ஒருநாளும் ஒருத்தரும் வாயத் தொறந்ததில்ல, நானும் உட்பட. அக்டோபர் 2 கூட்டத்துல எந்திச்சு கேக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னால ஒரு போட்டோகிராபர அனுப்பி வையுங்க அண்ணாச்சி, இன்னும் ஒம்பது வீடு மிச்சம் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
அம்பாசமுத்திரம் வட்டம்