மலைமேல் இருக்கும் பட்டாளத்துக்கு நம் ஊர் மேளம் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எல்லைப்புற முகாம் ஒன்றில் சினிமா நட்சத்திரங்கள் ஜவான்களோடு ஆடிப் பாடிய படத்தைச் சமீபத்தில் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பட்டாளத்தில் இருந்தவன் கண் வேறு எங்கேதான் போகும்? முன்வரிசை சோபாவில் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜவான்கள் பின்னால் வெறும் தலைகளாகத் தெரிகிறார்கள். இந்த மாதிரி நிகழ்ச்சிகள் நல்ல ரோடும் ஹெலிகாப்டர் இறங்க இடமும் உள்ள பெரிய முகாம்களில்தான் நடக்கும். அதற்கு மேலே போஸ்ட்டில் காவல் நிற்கிறவனுக்கு மறுநாள் யாராவது வந்து கதையாகச் சொன்னால் உண்டு. அந்தப் பையன்களிடம் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு மேளக் குழுவை அனுப்ப வேண்டும், அதை மதுரைப் பக்கத்திலிருந்தே அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

படை வீரர்களுக்குப் பாட்டுக் கச்சேரி வைப்பது ஒன்றும் புதுசு இல்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-லேயே பிரிட்டன் ‘என்சா’ என்ற அமைப்பை ஏற்படுத்திப் பாடகர்களையும் நாடகக்காரர்களையும் போர்முனைக்கு அனுப்பியது. அமெரிக்கர்கள் 1941-ல் ஆரம்பித்த ‘யு.எஸ்.ஓ.’ இன்றைக்கும் நடக்கிறது. வேரா லின் என்ற பாடகி 1944-ல் பர்மா முனைவரைக்கும் வந்து பாடினார். அந்த முனையில் சண்டை போட்ட பிரிட்டிஷ் பதினான்காம் படையில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்கென்று ‘பவுஜி தில்குஷ் சபா’ என்று தனியாகவே ஒன்று இருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு இந்தி நடிகர் சுனில் தத் தன்னுடைய அஜந்தா ஆர்ட்ஸ் குழுவோடு எல்லை முகாம்களுக்குப் போனார். விவித பாரதி வானொலியில் ஜவான்களுக்காகவே ‘ஜெயமாலா’ என்ற பாட்டு நிகழ்ச்சி வந்தது. ஆனால் நம் ஜவான்களுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்திதான். தமிழ்ப் பையன் கை தட்டுவான், மற்றவர்களோடு சேர்ந்து ஆடவும் செய்வான். அப்புறம் கூடாரத்துக்கு வந்து தன் பாட்டைத் தானே முணுமுணுத்துக்கொண்டு படுத்துவிடுவான்.

இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, எந்தப் பாட்டு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாமே என்று என் மகனே கேட்கிறான். பல போஸ்ட்டுகளில் சிக்னல் கிடையாது; குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை விடுங்கள். செல்போனில் கேட்பவன் காதில் வயரை மாட்டிக்கொண்டு தனியாக ஒரு மூலையில் கிடக்கிறான். மேளம் அடித்தால் அவனே எழுந்து வருவான்.

லடாக் பக்கம் எங்கள் யூனிட்டுக்கு ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து சின்னக் குழு ஒன்று வந்தது. அன்றைக்கு பராக்கானா, அதாவது அதிகாரிகளும் ஜவான்களும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. மேடை என்று எதுவும் இல்லை. லாரியின் பின்கதவை இறக்கிவிட்டு அதன்மேல் ஜமக்காளம் விரித்தோம். வறண்ட குளிரில் தவில் தோல் விறைத்துப்போய், சத்தம் தகரம் மாதிரி வந்தது. தவில்காரர் விரலில் கூடு மாட்டக் கையுறையைக் கழற்றினால் விரல் மடங்கவில்லை. பக்கத்திலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கொடுத்தோம். நாதஸ்வரக்காரர் பாடுதான் பெரும்பாடு. ஊதுகிற முனையில் இருக்கும் சீவாளி உலர்ந்து உலர்ந்து போகிறது, வாயில் வைத்து நனைத்துக்கொண்டே இருக்கிறார். தம் கட்டவும் முடியவில்லை. எங்கள் டாக்டர் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு பல்லவி முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அந்த இடைவெளியில் உசிலம்பட்டிப் பையன் ஒருவன், “அண்ணே, நீங்க எந்த ஊரு?” என்றான். “செக்கானூரணி, தம்பி.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பையன் அவரை விட்டு நகரவே இல்லை. அவர் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் எங்கள் சுபேதார் சாப், கொல்லத்துக்காரர், சிரித்தே பார்த்திராத மனிதர், மைக்கை வாங்கி ஒரு மலையாளப் பாட்டைப் பாடிவிட்டார். சுருதி அவரிடம் இல்லை. யாரும் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-ல் தோன்றியது; நாட்டின் மிகப் பழைய காலாட்படை. மையம் நீலகிரியில், வெலிங்டனில். அதில் தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடத்தான் எல்லாரும் உண்டு. அதனால் போகிற குழுவில் நான்கு மொழியிலும் நான்கு பாட்டாவது பாடத் தெரிந்த ஒருவர் வேண்டும். அதற்கு எங்கும் அலைய வேண்டாம். மதுரை ஆர்கெஸ்ட்ராக்களில் எந்த மொழிப் பாட்டைக் கேட்டாலும் எடுத்துவிடும் பாடகர்கள் இருக்கிறார்கள். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, தவில், நாதஸ்வரம், தப்பு, ஒரு பாடகர் போதும். டிரம் செட்டும் ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸும் கீழேயே இருக்கட்டும்.

எப்போது அனுப்புவது? மாசி, பங்குனி, சித்திரை, ஆடி எல்லாம் நம் கலைஞர்களுக்குத் திருவிழாக் காலம், கூப்பிட்டாலும் வர முடியாது. ஆவணியில் மேளக்காரர்களுக்குக் கல்யாண வீட்டு வாசிப்பு இருக்கும். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. சில ஊர்களில் புரட்டாசிப் பொங்கல் வைப்பார்கள் என்றாலும் பல குழுக்கள் சும்மாதான் இருக்கும். அந்த மாதத்தில் லடாக் பாதைகளும் பனி மூடாமல் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒத்து வருகிற மாதம் அதுதான்.

போன அன்றே கச்சேரி வைக்கக் கூடாது. லே நகரமே கிட்டத்தட்ட 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. 9,000 முதல் 12,000 அடி வரை உள்ள இடங்களுக்குப் போனால் ஜவானுக்கே ஆறு நாள் உடம்பைப் பழக்கிக்கொள்ளச் சொல்லி வைத்திருக்கிறது ராணுவம். இன்னும் மேலே ஏறினால் மறுபடியும் நான்கு நாள். தம் பிடித்து ஊதுகிற மனிதருக்கு அந்த ஓய்வைக் கொடுக்காமல் இருப்பது பாவம். ஆக, போக வர மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

மூன்று வாரக் கூலி என்று சொன்னவுடன், “தேச சேவைதானே, சும்மா வந்து வாசிக்கக் கூடாதா?” என்று ஒரு கூட்டம் கிளம்பும். ஜவானுக்குச் சம்பளம் உண்டு, மேளக்காரருக்கு மட்டும் பொன்னாடையா? பேசிய தொகையில் பாதியை அட்வான்ஸாகக் கையில் கொடுக்க வேண்டும், இன்சூரன்ஸ் போட வேண்டும், கம்பளி உடுப்பு கொடுக்க வேண்டும்.

ஏற்பாடு செய்யப் புதிதாக வாரியம் எதுவும் வேண்டாம். தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. வடக்கே பாட்டியாலாவில் அதே மாதிரி ஒரு மையம். கலைஞர்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவது அவர்களுக்குப் பழக்கப்பட்ட வேலைதான். ராணுவம் கேட்டால் செய்யக்கூடிய காரியம் இது. கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பக்கத்திலேயே செய்து பார்க்கலாம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. காலையில் மதுரையில் வேன் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். சிவகங்கை இலுப்பைக்குடியில் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம். அங்கே வடநாட்டுப் பையன்கள் நிறைய. நம் தப்பாட்டத்தை எங்கே கேட்டிருக்கப் போகிறார்கள்? கரகாட்டம் என்றால் ஆபாசம் என்று முகம் சுளிப்பவர்களும், ஆடல் பாடலுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போய் அனுமதி வாங்கி அலுத்தவர்களும் அங்கே வந்து ஒருமுறை பார்க்கட்டும். பட்டாளத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தனியாக போலீஸ் வேண்டியதில்லை.

டிசம்பர் 7 கொடிநாளன்று உண்டியலில் பணம் போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம், அது தொடரட்டும். ஆனால் இந்த மேளக் காரியத்துக்குக் கொடிநாள்வரை காத்திருந்தால் புரட்டாசி போய்விடும். எல்லைப் பகுதிக்குள் போக அனுமதி, அடையாளச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை என்று பல மாதம் இழுக்கும். உங்கள் நிருபர் ஒருவர் தஞ்சாவூர் மையத்திலும் மதுரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் இதைக் கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.